தண்ணீரை அளந்த பிறகு: வீட்டு அடுப்பில் கொரிய ராம்யன்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குக் கொரிய நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றும் புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன, கொரியப் பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்தார்கள், அவர்களை நம்பிச் சென்னையில் கொரிய மளிகைக் கடைகளும் உணவகங்களும் முளைத்தன. ஒரு காலத்தில் அந்தக் கடைகளில் மட்டும் கிடைத்த ஷின் ராம்யனின் சிவப்பு உறையை இப்போது சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே மேகிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அதை வாங்க ஆரம்பித்தது மகள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள், கொரியத் தொடர் பார்க்கிற வயது. அதை ஒழுங்காகச் சமைத்தே தீருவது என்று கிளம்பியது நான். ஒரே பாக்கெட், ஒரே அடுப்பு. ஆனால் ஒரு நாள் உப்புக் கரிக்கும், இன்னொரு நாள் சப்பென்று இருக்கும், வேறொரு நாள் நூடுல்ஸ் குழைந்து கரண்டியால் அள்ளும் பதத்துக்குப் போயிருக்கும். யூடியூபில் தேடினால் எல்லாரும் மேலே போடுவதைப் பற்றியே பேசுகிறார்கள்: சீஸ், சாசேஜ், மக்காச்சோளம், மயோனைஸ். பருப்பே வேகாத சாம்பாரில் எவ்வளவு கொத்தமல்லி தூவி என்ன? அதனால் மேலே போடுவதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீர், தீ, நேரம் மூன்றை மட்டும் கவனித்தேன். அந்தக் கதைதான் இது.

முதலில் உறை. ஷின் ராம்யன் ஒரு பாக்கெட் 120 கிராம். நாம் பழகிய 70 கிராம் மேகியைப் பார்க்கும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உள்ளே வட்டமான ஒரு நூடுல்ஸ் வில்லை, சிவப்புப் பொடி ஒன்று, உலர்ந்த காய்கறியும் காளானும் கலந்த சின்னப் பொட்டலம் ஒன்று. 550 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூன்றையும் போட்டு, 4-லிருந்து 5 நிமிடம் வேக விடச் சொல்கிறார்கள். அவ்வளவுதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் பச்சைக் குறியா பழுப்புக் குறியா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே பெயரில் இரண்டு வகையும் வருகிறது, கொரியாவில் விற்கும் மூல வகை மாட்டிறைச்சிச் சாறு சேர்ந்தது.

மேகியில் கைப்பழக்கம் ஏறியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நம் வீடுகளில் மேகி என்றால் தண்ணீர் வற்றும்வரை வேக வைப்பது. தண்ணீர் கூடிப்போனால் இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் விட்டால் சரியாகிவிடும். ராம்யன் அப்படி இல்லை. அது சூப்பில் கிடக்கிற நூடுல்ஸ். கடைசியில் எவ்வளவு சூப் மிஞ்ச வேண்டுமோ அதற்குத்தான் பொடியின் உப்பையும் காரத்தையும் அளந்து போட்டிருக்கிறார்கள். வற்ற விட்டால் உப்பு ஏறும். தண்ணீரைக் கூட்டினால் சூப் செத்துப்போகும். வற்றட்டும் என்று காத்திருந்தால் நூடுல்ஸ் குழைந்துவிடும். ஆக, கண்ணளவு இங்கே உதவாது.

நேரம் எதற்கு என்று புரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஒரு வில்லையின் ஓரத்தை உடைத்து, பச்சைத் தண்ணீரில் போட்டு மூடி வைத்தேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் நூடுல்ஸ் விரிந்து மென்மையாகியிருந்தது, சாப்பிடவும் முடிந்தது. ருசி இல்லை, எண்ணெய் வாடை வந்தது, ஆனால் பச்சை மாவு வாடை கொஞ்சமும் இல்லை. ஏனென்றால் அது ஏற்கெனவே வெந்ததுதான்.

இதற்குப் பின்னால் ஒரு ஜப்பானியக் கொட்டகை இருக்கிறது. ஒசாகாவுக்குப் பக்கத்தில் இகேடா என்ற ஊர். அங்கே தன் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டுக்கொண்டு மொமொஃபுகு ஆண்டோ என்பவர் நூடுல்ஸை எப்படிக் கெடாமல் காயவைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். மனைவி தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரிக்கும் ஜப்பானியப் பலகாரம்) பொரிப்பதைப் பார்த்து விடை கிடைத்தது என்பது அவர் தொடங்கிய நிஸ்ஸின் கம்பெனி சொல்லும் கதை. ஆவியில் வேகவைத்த நூடுல்ஸைச் சுமார் 150 டிகிரி எண்ணெயில் ஓரிரு நிமிடம் பொரித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் நீராவியாகப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். அது போன வழியெல்லாம் ஊசித்துளைகளாக நின்றுவிடும். பிறகு வெந்நீர் ஊற்றினால் அந்தத் துளைகள் வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறும். இப்படி வந்த சிக்கன் ராமென் 1958 ஆகஸ்ட் 25-இல் 35 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. அப்போது கடையில் புது உடான் நூடுல்ஸ் ஒரு கட்டு 6 யென்தான், எனவே அது பணக்காரத் தின்பண்டமாகத்தான் தொடங்கியது. 1963-இல் ஜப்பானின் ம்யோஜோ கம்பெனியிடம் முறையைக் கற்றுக்கொண்டு சம்யாங் கொரியாவில் முதல் ராம்யனை இறக்கியது. ஷின் ராம்யன் வந்தது 1986-இல்.

பொரித்த வில்லையில் எடைக்கு 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் நான் முகர்ந்தது அந்த வாடைதான். கொரிய வகைகளில் மைதாவோடு உருளைக்கிழங்கு மாச்சத்தும் சேர்க்கிறார்கள். கடித்தால் லேசாக இழுத்துக்கொடுக்கும் அந்தத் தன்மை அதிலிருந்து வருகிறது. இழை மேகியைவிடத் தடிமன், அதனால் நேரமும் கூட. அடுப்பில் நாம் செய்வது வேகவைப்பது அல்ல, சூடாக ஊறவைப்பது. இது விளங்கியதும், ‘இன்னும் கொஞ்சம் வேகட்டும்’ என்று விடுகிற பழக்கம் எனக்குப் போய்விட்டது.

சரி, தண்ணீருக்கு வருவோம். பேக்கிங்குக்கு வாங்கிய டிஜிட்டல் எடைக்கருவி வீட்டில் சும்மா கிடந்தது. நூடுல்ஸ் இல்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் 550 கிராம் அளந்து, வாய் அகன்ற வாணலியில் ஊற்றி, பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தேன். கொதி வந்ததிலிருந்து நாலரை நிமிடம் விட்டு, இடுக்கியால் பிடித்து இறக்கி, மரப்பலகை மேல் வைத்து எடை பார்த்தால் சுமார் 150 கிராம் காணவில்லை. அடுத்து அதே அளவு தண்ணீரைக் குறுகலான பால் பாத்திரத்தில், சின்ன பர்னரில், மிதமான தீயில் வைத்தேன். அதில் போனது 50 கிராம் அளவுதான். இரண்டுமே ‘550 மில்லி, நாலரை நிமிடம்’தான். ஆனால் ஒன்றில் மிஞ்சுவது 400, மற்றதில் 500. ஒரே பொடியை இதிலும் அதிலும் கரைத்தால் உப்பு எவ்வளவு மாறும் என்று பாருங்கள். ‘நேற்று நல்லாருந்துச்சே, இன்னிக்கு ஏன் கரிக்குது’ என்ற கேள்விக்கு இவ்வளவுதான் பதில். நேற்று பால் பாத்திரம் கழுவி இருந்தது, இன்றைக்கு வாணலி இருந்தது.

நூடுல்ஸ் குடிப்பதையும் அளந்தேன். வில்லை மட்டும் சுமார் 105 கிராம் இருந்தது, வெந்து வடிகட்டிய பிறகு 260-ஐ ஒட்டி நின்றது. அதாவது 150 மில்லிக்குக் கொஞ்சம் மேலேயே உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாணலியில் செய்தால் கிண்ணத்தில் மிஞ்சுவது ஒரு டம்ளர் சூப்தான்.

அப்படியானால் சின்னத் தீயில் வைத்துவிடலாமே என்று தோன்றும். செய்து பார்த்தேன், நன்றாக இல்லை. வில்லையைப் போட்டதும் கொதி அடங்கிவிடும். தீ சின்னதாக இருந்தால் மறுபடி கொதி வர வெகுநேரம் ஆகும். அதற்குள் வெளிப்பக்கத்து மாவு தண்ணீரில் கரைந்து சூப் கொழகொழப்பாகிவிடும், நடுப்பகுதி மட்டும் கட்டியாகவே கிடக்கும். மூடி போடலாமா என்றால், பொடி கலந்த தண்ணீர் நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் சிவப்பாகிவிடும். ஆக வேண்டியது, தீ பலமாக, பாத்திரத்தின் வாய் குறுகலாக. வில்லை உடையாமல் உட்காருகிற அகலம் இருந்தால் போதும்.

எங்கள் கம்பெனியின் கொரிய மேலாளரிடம் இதை ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன். சிரித்துவிட்டு, தன் ஊரில் இதற்கென்றே பொன்னிறத்தில் ஒரு மெல்லிய அலுமினியப் பாத்திரம் இருப்பதைப் படம் காட்டினார். தகடு மெல்லியது, சட்டென்று சூடேறும், வில்லை போட்டதும் அடங்கிய கொதி சட்டென்று திரும்பும், அடுப்பை அணைத்தால் சட்டென்று ஆறும். கிண்ணத்துக்கு மாற்றாமல் அதிலேயே வைத்து, மூடியைத் தட்டாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவார்களாம். நான் பூக்கடைப் பக்கம் பாத்திரக் கடையில் மெல்லிய அலுமினியச் சட்டி ஒன்று வாங்கிக்கொண்டேன். வீட்டில் இருக்கும் இண்டாலியம் சட்டி இதற்கு ஆகாது. அடுப்பை அணைத்த பிறகும் சூட்டை விடாமல் பிடித்துவைத்து நூடுல்ஸை வேகவைத்துக்கொண்டே இருக்கும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு அதிகம் உதவியது. தண்ணீரை 500 மில்லியாக வைத்துத் தொடங்கு, பக்கத்தில் கெட்டிலில் வெந்நீர் வைத்துக்கொள், கடைசியில் ருசி பார்த்து ஊற்றிக்கொள் என்றார். குறைந்ததைக் கூட்டலாம், கூடியதைக் குறைக்க முடியாது. இப்போது நான் 500-இல்தான் தொடங்குகிறேன். முடிவில் ஒரு சின்னக் கரண்டி வெந்நீர் தேவைப்படும், சில நாள் அதுவும் வேண்டாம்.

பொடியை எப்போது போடுவது என்பதில் கொரியர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. முதலிலேயே போட்டால் தண்ணீரின் கொதிநிலை ஏறும், நூடுல்ஸ் நன்றாக வரும் என்பது ஒரு கட்சி. அரை லிட்டர் தண்ணீரில் அந்தப் பொடியின் உப்பு கரைந்தால் கொதிநிலை ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுகூட ஏறாது. அந்தக் கணக்கு அடுப்பில் செல்லாது. ஆனால் முதலில் போடுவதில் வேறு இரண்டு விளைவு உண்டு. கொதி வரப்போகும் நேரத்தில் பொடியைக் கொட்டினால் தண்ணீர் ‘புஸ்’ஸென்று பொங்கி மேலே வரும். கூடவே மிளகாய் நெடி கிளம்பி வீடே இருமும். என் மனைவி கூடத்திலிருந்து, “ஏங்க, வத்தல் வறுக்கிறீங்களா, நூடுல்ஸ் பண்றீங்களா?” என்று கேட்டது அந்த நாளில்தான். எனவே தண்ணீர் பச்சையாக இருக்கும்போதே பொடியைக் கரைத்துவிடுவது உத்தமம். உலர்ந்த காளானும் கேரட்டும் ஊற நேரம் பிடிக்கும் என்பதால் அவற்றையும் அப்போதே போட்டுவிடுகிறேன்.

ஜப்பானிய உறைகள் பலவற்றில் இதற்கு நேர்மாறாக இருக்கும். நூடுல்ஸ் வெந்து, அடுப்பை அணைத்த பிறகு பொடியைக் கலக்கச் சொல்வார்கள். வாசனை ஆவியோடு போகாமலிருக்க அது நல்ல வழி. அதை ஷின் பொடியில் முயன்றபோது சூப்பின் மணம் உண்மையிலேயே தூக்கலாக இருந்தது, ஆனால் நூடுல்ஸுக்குள் ருசி இறங்கவில்லை. உள்ளே ஏறுகிற தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தால் இழையும் வெறும் இழையாகத்தான் இருக்கும். கடைசியில் நான் வந்து நின்ற இடம்: பெரும்பங்குப் பொடி முதலில், இரண்டு சிட்டிகை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு.

இனி நேரம். நான் கைபேசியில் டைமர் வைத்துக்கொண்டுதான் செய்கிறேன். மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, நூடுல்ஸுக்கு ஸ்டாப்வாட்சா?”

“ஆமாம்மா. நீ பேசாம முட்டையை எடுத்து வெளிய வை.”

வில்லை தண்ணீரில் இறங்கியதும் கணக்குத் தொடங்குகிறது. முதல் ஒரு நிமிடம் அதைத் தொடவே கூடாது. குத்திப் பிரித்தால் இழை அறுந்து துண்டு துண்டாகிவிடும். அறுந்த துண்டுகள் மற்றவற்றுக்கு முன்னால் குழையும். பாத்திரத்தில் அடங்கவில்லை என்று வில்லையை இரண்டாக உடைத்துப் போடுவதும் இதனால்தான் வேண்டாம். ஒரு நிமிடம் ஆனதும் அடிப்பக்கம் இளகியிருக்கும், அப்படியே புரட்டிப் போடுகிறேன். ஒன்றரை நிமிடத்தில் தானாகவே பிரியத் தொடங்கும். அப்போது குச்சியாலோ முள்கரண்டியாலோ இழைகளை மேலே தூக்கி, காற்றில் இரண்டு முறை ஆட்டி, திரும்ப இறக்க வேண்டும். கொரியர்கள் எல்லாரும் இதைச் செய்கிறார்கள். காற்றுப் பட்டால் இழை விறைப்பாகும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். எனக்குத் தெரிந்த பலன், நடுவில் ஒட்டிக்கிடக்கும் கட்டி இதில் அவிழ்ந்து எல்லா இழையும் ஒரே சமயத்தில் வெந்து வருகிறது.

மூன்று நிமிடத்தில் ஓர் இழையை எடுத்து நகத்தால் கிள்ளிப் பாருங்கள். வெட்டிய முகத்தில், ஓரம் முழுக்கக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும், நடுவில் மட்டும் குண்டூசி முனையளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். தண்ணீர் இன்னும் எட்டாத இடம் அது. அந்தப் புள்ளி பெரிதாக இருந்தால் இன்னும் முப்பது விநாடி. மங்கலாகி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவில் இருந்தால் உடனே அடுப்பை அணைக்க வேண்டும். புள்ளி முழுக்க மறையும்வரை அடுப்பிலேயே வைத்தால், சாப்பிட உட்காரும்போது நூடுல்ஸ் எல்லை தாண்டியிருக்கும். கிண்ணத்துக்கு மாறுவது, வெங்காயத்தாள் தூவுவது, ஆளைக் கூப்பிடுவது, ஆள் வருவது, எல்லாம் சேர்ந்து ஒன்றரை நிமிடம் போய்விடுகிறது. அந்த நேரமும் நூடுல்ஸ் கொதிக்கும் சூப்பில்தான் கிடக்கிறது. அதனால் என் அடுப்பில் அணைக்கும் நேரம் மூன்றரை நிமிடம். உங்கள் அடுப்பில் வேறாக இருக்கலாம், வெள்ளைப் புள்ளியை நம்புங்கள். வீட்டில் ஆள் வர நேரமாகும் என்றால் முதலில் கூப்பிட்டுவிட்டு அப்புறம் வில்லையைப் போடுங்கள்.

முட்டையில் இரண்டு வழி, இரண்டுக்கும் பலன் வேறு. கலக்கிவிட்டால் முட்டை இழை இழையாகச் சூப் முழுக்கப் பரவும். காரம் பாதியாகக் குறையும், சூப் கலங்கலாகித் தடிக்கும். காரம் தாங்காதவர்களுக்கு இது சரி. எனக்கு முழு முட்டைதான் பிடிக்கும். ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்து வைத்துக்கொண்டு, இரண்டாவது நிமிடத்தில் நூடுல்ஸை ஒரு பக்கமாக ஒதுக்கி, அந்தப் பள்ளத்தில் மெதுவாக விட்டு, அதன்மேல் இரண்டு இழையை இழுத்து மூடிவிடுகிறேன். அதன் பிறகு கரண்டி போடக்கூடாது. அணைத்துவிட்டு ஒரு நிமிடம் மூடி வைத்தால் வெள்ளை இறுகி, மஞ்சள் இளகலாக நிற்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்படியே எடுத்த முட்டை கொதியை அடக்கிவிடும், அரைமணி முன்னால் வெளியே வைத்துவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மஞ்சளை முழுக்க வேகவைத்தே கொடுங்கள். அதற்கு முட்டையைத் தனியாக அவித்துப் போடுவதே நல்லது. முட்டைக்காக நூடுல்ஸைக் காக்க வைக்கக்கூடாது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த அளவுள்ள கொரியப் பாக்கெட்டுகளில் சோடியம் 1,700 முதல் 1,900 மில்லிகிராம் வரை போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரு நாள் முழுவதற்குமே 2,000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு கிண்ணத்தில் ஒரு நாள் கணக்கே முடிந்துவிடுகிறது. நான் பொடியில் முக்கால் பங்கைத்தான் போடுகிறேன், சூப்பில் பாதியை மிச்சம் விடுகிறேன். அஜினோமோட்டோவைக் கண்டு பயப்படுகிறவர்கள் பொருள் பட்டியலில் 621, 627, 631, 635 என்ற எண்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் அதைவிட முதலில் பார்க்க வேண்டியது சோடியம் என்ற வரியைத்தான்.

பொடியைக் குறைத்தால் சுவையும் குறையும். அதை ஈடுகட்டத்தான் மேலே போடுகிற பொருள்களுக்கு இடம். ஒரு பல் பூண்டை நசுக்கி, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியோடு சேர்த்து, அரைத் தேக்கரண்டி எண்ணெயில் வதக்கி, அதே சட்டியில் தண்ணீர் ஊற்றித் தொடங்கினால் முக்கால் பொடி என்று யாருக்கும் தெரியாது. இங்கே நல்லெண்ணெய் ஊற்ற வேண்டாம். கொரியர்கள் ஊற்றுவது எள்ளை நன்றாக வறுத்து ஆட்டிய எண்ணெய், கடைசியில் மணத்துக்காக மட்டும் சில சொட்டு. நம் செக்கு நல்லெண்ணெயின் மணமே வேறு, அது வந்தால் கிண்ணத்தில் மிளகாய்ப்பொடி இட்லி வாசம் வந்துவிடும். அதற்குப் பதில் ஒரு தேக்கரண்டி எள்ளை வறுத்து, விரலால் கசக்கித் தூவலாம், மிகவும் பொருந்துகிறது. அணைத்த பிறகு அரைத் தேக்கரண்டி வினிகர் விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு நாக்கில் தெரியாது. புளிப்பு வெளியே தெரியும் அளவுக்கு விடக்கூடாது.

சீஸ் எனக்கு வேண்டாம், ஆனால் மகளோடு இதில் வாதாட முடியவில்லை. காரத்தைத் தருகிற கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலில் உள்ள கேசீன் புரதமும் அதைப் பிடித்து நாக்கிலிருந்து கழற்றிவிடும். ஒரு சீஸ் துண்டு மேலே உருகினால் காரம் இறங்குவதற்கு அதுதான் காரணம். அவள் அடுத்து புல்டாக் என்ற அதிகக் காரமான கொரிய நூடுல்ஸை வாங்கச் சொல்லிக் கேட்கிறாள். 2024 ஜூனில் டென்மார்க் உணவுத்துறை மூன்று புல்டாக் வகைகளைக் காரம் அதிகம் என்று கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது, அடுத்த மாதமே அவற்றில் இரண்டை மீண்டும் அனுமதித்தது. “டென்மார்க்காரங்களுக்கு ஆந்திரா கோங்குரா கொடுத்துப் பாக்கணும்” என்கிறாள். வாங்கித் தருவேன், ஆனால் அது சூப் வகை இல்லை. வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டுச் சில கரண்டி மட்டும் வைத்துக்கொண்டு சாஸில் புரட்டுவது. அதற்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

தொட்டுக்கொள்ளக் கிம்ச்சி (கொரியர்களின் முட்டைக்கோஸ் ஊறுகாய்) இருந்தால் புளித்த பழைய கிம்ச்சியே மேல். அது இல்லாத நாளில் நான் மாவடு வைத்துக்கொள்கிறேன். அந்த உப்பும் நறுக்கென்ற கடியும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. எலுமிச்சை ஊறுகாய் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பெருங்காயமும் வெந்தயமும் சூப்பின் பூண்டு மணத்தோடு மல்லுக்கு நிற்கும்.

இரண்டு பாக்கெட் சேர்த்துச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்ணீரையும் இரண்டு மடங்காக்கினால் சூப் நீர்த்துப்போகும். பொடியும் நூடுல்ஸும் இரட்டிப்பாகின்றன, ஆவியாகிற தண்ணீர் மட்டும் இரட்டிப்பாவதில்லை. அது அடுப்பின் தீயையும் பாத்திரத்தையும் பொறுத்தது. அவை இரண்டும் அதேதானே? எனக்கு 500-இல் ஒன்று என்றால், இரண்டுக்கு 900 மில்லி சரியாக வருகிறது. இரண்டு வில்லையும் ஒன்றாக இறங்கும்போது கொதி அதிக நேரம் அடங்கிக் கிடக்கும், அதனால் நேரத்தில் முப்பது விநாடி கூட்டிக்கொள்கிறேன். மூன்று பாக்கெட் என்றால் வீட்டு அடுப்பு தாங்காது. கொதி திரும்புவதற்குள் ஓரம் குழைந்துவிடும். இரண்டு தடவையாகச் செய்வதே மேல், முதலில் பசிப்பவர் முதலில் சாப்பிடட்டும்.

நூடுல்ஸ் முடிந்த பிறகு மிச்ச சூப்பில் சோறு போட்டுச் சாப்பிடுவது கொரிய வழக்கம், அதிலும் ஆறிப்போன சோறு. சுடுசோறு போட்டால் கஞ்சியாகிவிடும். ஆறிய சோற்றில் மாச்சத்து மறுபடி இறுகியிருப்பதால் பருக்கை பருக்கையாக நின்று சூப்பை வெளியே மட்டும் ஏந்திக்கொள்கிறது. காலையில் வடித்த பொன்னி அரிசிச் சோறு ராத்திரிக்குச் சரியான பதத்தில் இருக்கும். ஒரு கை அளவு போதும். சூப்பைப் பாதி விடுவேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், சோறு போட்டால் அந்தக் கணக்கு கொஞ்சம் அடிபடும். அன்றைக்குப் பொடியைப் பாதியாகக் குறைத்துக்கொள்வேன்.

மிச்சப் பொடியை வீணாக்குவதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் மிஞ்சும் கால் பங்கை ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் சேர்க்கிறேன். நம் ஊர்க் காற்று ஈரத்துக்கு ஒரே வாரத்தில் கட்டி பிடித்துவிடும், எனவே இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், ஈரக் கரண்டி படக்கூடாது. உருளைக்கிழங்கு வறுவலை இறக்கும்போது அரைத் தேக்கரண்டி, ஆம்லெட்டுக்கு ஒரு சிட்டிகை, அவித்த வேர்க்கடலைக்கு எலுமிச்சைச் சாறோடு ஒரு சிட்டிகை. உப்பு தனியாகப் போட வேண்டியதில்லை. பாப்கார்னில் மட்டும் ஒட்டவில்லை, எல்லாம் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடுகிறது. பொரிந்ததும் சூட்டோடு கொஞ்சம் வெண்ணெய் புரட்டிவிட்டுத் தூவிப் பார்க்க வேண்டும்.